கண்ணுக்குள் இருந்த மஞ்சள்

கண்புரை ஆபரேஷனுக்குப் போட்ட பிளாஸ்டிக் மூடியை எடுத்த மறுநாள் காலை, குளியலறைக்குள் போன மனைவி வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் இல்லை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, தும்முவதைக்கூடப் பார்த்துத்தான் தும்ம வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதையெல்லாம் மனைவியைவிட அதிகமாக மனதில் ஏற்றிவைத்திருந்த மெக்கானிக்குக்கு அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. கையில் சொட்டு மருந்தோடு போய்க் கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அவள் வாஷ்பேசினுக்கு முன்னால் நின்று, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“ஏங்க, இது என்ன கலர்?” என்றாள், திரும்பாமலேயே.

“எது?”

“இந்த வாஷ்பேசின்.”

“வெள்ளை.”

“எப்பவுமே வெள்ளைதானா? நடுவுல ஏதும் மாத்தினீங்களா?”

“வீடு கட்டினப்ப வச்சது. நான் எதுக்கு மாத்தப்போறேன்?”

அவள் மறுபடி கையை மாற்றினாள். “இந்தக் கண்ணுக்கு டீக்கறை புடிச்ச மாதிரி இருக்கு. இந்தப் புதுக் கண்ணுக்கு...” என்று இழுத்தவளுக்கு மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. நிறங்களைப் பற்றிப் பேசியே காலம் தள்ளியவள் வெறும் வெள்ளைக்கு வார்த்தை கிடைக்காமல் நின்றதை மெக்கானிக் அன்றுதான் பார்த்தார். ஆபரேஷன் நன்றாக வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டு, “முகத்தத் தூக்கு, மருந்து போடணும்” என்றார்.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், எண்ணெய் வாடையடிக்கும் மோட்டார் அறைகளில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அவருக்கு நிறம் என்றால் ஒயரின் நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு. அதற்கு மேல் இருப்பதெல்லாம் ‘ஒரு மாதிரி’தான், ஒரு மாதிரி பச்சை, ஒரு மாதிரி சிவப்பு. கல்யாணமான புதிதில் ஊதா நூல் வாங்கிவரச் சொன்னால் நீல நூலோடு வந்து நின்று, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சாதித்த ஆள். அதிலிருந்து நிறம் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் அவர் கைக்கு வருவதில்லை. அவர் மனைவியோ ஓவியப் பள்ளியில் சாயங்கால வகுப்பு எடுப்பவள். பிரஷ்ஷை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்து சேர்கிறவர்களுக்கு முதல் பாடமான நிறங்களைச் சொல்லித்தருபவள். எதோடு எது சேர்ந்தால் எது பிறக்கும், எதற்கு எது எதிர், எது சூடு, எது குளிர்ச்சி என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, வகுப்பில் அவள் பேசி ஒருநாளும் பார்த்ததில்லை. வாசலில் இறக்கிவிடுவார், முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வார். தெருவே டீச்சர் என்று கூப்பிடுவதால், மற்றவர்களிடம் பேசும்போது அவரும் ‘டீச்சர் இப்ப தூங்கறாங்க’ என்று சொல்லிப் பழகியிருந்தார். அதில் ஒரு ரகசியப் பெருமை உண்டு.

மருந்து போட்டு முடித்ததும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக வீடு முழுக்கச் சுற்றிவந்தாள். புதுப் பொம்மை கிடைத்த குழந்தை கெட்டது போங்கள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாள், துவைத்துப்போட்ட தலையணை உறையைப் பார்த்தாள், கணவனின் தலைமுடியைப் பார்த்து, “இவ்வளவு நரைச்சுப்போச்சா? யாருங்க சொன்னா உங்களுக்கு இன்னும் பழுப்பு முடின்னு?” என்றாள். “நீதான் சொன்ன” என்றார் அவர். சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். அங்கே சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

கூடத்துச் சுவரில் அவள் வரைந்த படம் மாட்டியிருந்தது. ஒரு ஜன்னல், வெள்ளைத் திரை, திரைக்கு முன்னால் மேஜை, மேஜைமேல் காலியான ஒரு கண்ணாடி டம்ளர். போன வருஷம் வரைந்தது. தன் படங்களில் தனக்கே பிடித்தது என்று அவள் வாயாலேயே சொன்னது இந்த ஒன்றைத்தான். அதற்கு முன்னால் இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் கையை இறக்கவேயில்லை. பிறகு படத்தை ஆணியிலிருந்து கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துவைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“நீலம்” என்றாள். “கண்ணக் குத்தற நீலம். இந்தத் திரையோட மடிப்புல லேசா ஒரு ஊதா வரணும்னு அன்னிக்கு முழுக்க கலந்தேன். வரவே இல்லன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நீலத்தப் போட்டேன். இது திரையா? நீல மைய கொட்டித் துடைச்ச துணி மாதிரி இருக்கு.” நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியுது?”

மெக்கானிக்குக்குத் தர்மசங்கடம். பொய் சொல்லவும் வரவில்லை. “நீலமாத்தான் இருக்கு.”

“இப்பவா?”

“அப்பவே.”

“அப்பவேன்னா?”

“நீ மாட்டினப்பவே. அதுக்கு முன்னாடி போட்ட ரெண்டு மூணு படமும் அப்படித்தான் இருந்துச்சு. நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்டு, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்?”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த கண் சற்றுச் சிவந்து, நீர் கோத்திருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். “லிஃப்ட் ரெண்டு இஞ்ச் ஏறி நின்னா ஊரையே கூட்டறீங்க. பொண்டாட்டி கண்ணு போயிட்டிருக்கு, வாயத் திறக்கல” என்று மெதுவாகத்தான் சொன்னாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. அன்று மத்தியானம் மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அவளும், “ஆமாம்மா, என்னடா இப்பல்லாம் எல்லாமே நீலமா இருக்கேன்னு கேக்கணும்னு நெனச்சேன். உங்க புது ஸ்டைலோன்னு விட்டுட்டேன்” என்றாள். டீச்சர் போனை வைத்துவிட்டு, “நல்ல குடும்பம்” என்றாள். படங்கள் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கான்வாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்ப்பதும் வெளியே கேட்டது. தூசு படக்கூடாதே என்று மெக்கானிக் ஈரத்துணியோடு வாசலிலேயே நின்றார். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

சாயங்காலம் டீ போட்டுக் கதவைத் தட்டினார். வெளியே வந்தவள் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “என் படம் போனா போகுது. அது என்னோட. நான் பழி சுமந்துக்கறேன்” என்றாள். “அந்த டிரைவிங் ஸ்கூல்காரம்மாவ நெனச்சாத்தான் ஆறமாட்டேங்குது.”

டிரைவிங் ஸ்கூல்காரம்மாவை மெக்கானிக்கும் ஒன்றிரண்டு முறை வாசலில் பார்த்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய பெண். பகல் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, வண்டியின் தலையில் ‘எல்’ பலகையோடே நேராக வகுப்புக்கு வருவாள். ‘கிளட்ச மிதிங்க, கிளட்ச மிதிங்க’ என்று நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை எப்போதும் கரகரப்பாக இருக்கும். வகுப்பில் எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்கா. வாசலில் குறுக்கே நிறுத்தியிருந்த ஒரு லாரிக்காரனை ஒரே அதட்டலில் பின்னால் எடுக்க வைத்ததை மெக்கானிக் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

நடந்தது இதுதான். புது வகுப்பு ஆரம்பித்து, எல்லோரும் கலர் வீல் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் வரும் மற்ற நிறங்களையெல்லாம் அவர்களே கலந்து, வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்ட வேண்டும். ஆரம்ப மாணவர்களுக்கு இதைவிட எளிதான பாடமும் இல்லை, இதைவிட ஏமாற்றும் பாடமும் இல்லை. சிவப்பும் நீலமும் சேரும் இடத்தில் வரவேண்டிய ஊதாதான் எல்லோருடைய காலையும் வாரிவிடும். பெரும்பாலும் சேறாக வரும். சுவரில் வரிசையாகக் குத்திவைத்திருந்ததை டீச்சர் பார்த்துக்கொண்டே வந்து, கிளட்ச் அக்காவுடையதற்கு முன்னால் நின்றாள். எல்லா நிறமும் சுத்தம். ஊதா மட்டும் சேறு. “இவ்வளவு நல்லா பண்ணிட்டு இங்க வந்து கோட்டை விட்டுட்டீங்களே. இது செத்த கலர். கழுவாத பிரஷ்ஷோட கலந்திருக்கீங்க” என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். அந்தப் பெண், “கழுவித்தான் மேடம் கலந்தேன்” என்றாள். “அப்ப உங்க கண்ணத்தான் கழுவணும்” என்று டீச்சர் சொல்ல, வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் அவள் வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஊதா இருக்கவேண்டிய இடத்தில் பளீரென்று நீலம். டீச்சர் பாராட்டி, அதையே சுவரில் விட்டுவைத்தாள்.

“அவ போட்டது நல்ல ஊதாவாத்தான் இருந்திருக்கும். வகுப்பு பூரா நின்னுது. ஒருத்தருக்கும் வாய் வரல, உங்கள மாதிரியே” என்றாள் டீச்சர். “அதுக்கப்புறம் அந்தம்மா நிமிர்ந்து பாக்கறதே இல்ல. நான் என்ன அளவு சொல்றேனோ அத அப்படியே கலக்கறா. மருந்து கலக்கற மாதிரி.”

மெக்கானிக் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். “இன்னொரு கண்ணும் சீக்கிரம் பண்ணிடுவாங்க. எல்லாம் சரியாப் போயிடும். அடுத்த தடவ அந்தம்மா என்ன பண்ணாலும் நல்லாருக்குன்னு சொல்லிடு. யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல.”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அடுத்த கண்ணுக்குக் குறித்திருந்த நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். மறுமுனையில் நர்ஸ் ஏதோ அதட்டுவது மெக்கானிக்குக்கே கேட்டது. இரண்டு கண்ணும் இரண்டு விதமாக இருந்தால் தலை சுற்றும், படியில் கால் இடறும், யாரம்மா உனக்கு இந்த யோசனை சொன்னது என்று. “தெரியும்மா. ஒரே ஒரு வகுப்பு இருக்கு. அதுக்கு எனக்கு இந்தப் பழைய கண்ணு வேணும். அது முடிஞ்சதும் வந்து படுத்துக்கறேன்” என்றாள். ஆபரேஷன் மேஜைக்குப் போகப் பயந்து அழுத பெண்ணா இவள் என்று அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு நாளன்று வாசலில் இறக்கிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. படியில் தடுமாறினால் யார் பிடிப்பது? “பின்னாடி ஒரு மூலைல உக்காந்துக்கறேன், மூச்சுகூட விடமாட்டேன்” என்று கெஞ்சிக் கூடவே ஏறினார். ஓவியப் பள்ளியின் மேல்மாடியில் நீளமான அறை. வண்ணம் சொட்டிச் சொட்டித் தரையில் பழைய நிறமே தெரியவில்லை. டர்பன்டைன் வாடை மெக்கானிக்குக்கு மோட்டார் அறையை ஞாபகப்படுத்தி, கொஞ்சம் தைரியம் கொடுத்தது. ஒரு பக்கம் முழுக்க உயரமான ஜன்னல்கள். எதிர்ச் சுவரில் கலர் வீல்கள் வரிசையாக. கல்லூரிப் பையன்கள், ஒரு பல் டாக்டர், ரிட்டயரான தபால்காரர், இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு மளிகைக் கடைக்காரர் என்று கலவையான கூட்டம். கடைசி வரிசையில் காலியாக இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தபிறகுதான் பக்கத்தில் இருப்பது கிளட்ச் அக்கா என்று கவனித்தார். அவள் வணக்கம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மேடத்துக்குக் கண்ணு எப்படி சார் இருக்கு? கூட்டத்துல ஓட்டறப்ப ஒரு கண்ணு மங்கலா இருந்தா ரொம்ப ஆபத்து சார்” என்றாள். டீச்சருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

டீச்சர் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வைத்தாள். ஒரு பக்கம் மஞ்சள் பல்பு எரியும் விளக்கு. கிண்ணத்தின் நிழல் துணியில் நீளமாக விழுந்தது. இரண்டு தாள்களை ஒட்டியிருந்த பலகையை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, “இன்னிக்கு நான் பண்றேன், நீங்க பாருங்க” என்றாள். புதுக் கண்ணைக் கைக்குட்டை மடிப்பால் மூடிக் கட்டிக்கொண்டு, பழைய கண்ணால் ஒரு தாளில் வரைய ஆரம்பித்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் வரைவதை மெக்கானிக் எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறார். நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் கதவு மூலையில் கால் இடித்துக்கொள்கிற, சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற அந்தக் கைகள் இங்கே வேறு கைகளாக இருந்தன. பிரஷ் போய் ஒரு துளி சிவப்பைத் தொட்டது, நீலத்தைத் தொட்டது, நடுவில் வந்து உருண்டது, துணியில் துடைத்துக்கொண்டது. ஒரு அசைவுகூட வீண் இல்லை. கலந்துகொண்டே பேசினாள். “வெள்ளைன்னு ஒண்ணு தனியா கிடையாது. இந்தத் துணி மேல என்ன வெளிச்சம் விழுதோ அதோட நிறம்தான் அதுக்கு. விளக்கு மஞ்சளா இருக்கா, வெளிச்சம் பட்ட இடம் மஞ்சள் சாயும். அப்ப நிழல் எந்தப் பக்கம் சாயும்? சக்கரத்துல மஞ்சளுக்கு நேர் எதிர்ல யாரு உக்காந்திருக்கா?” ஊதா என்றார்கள் எல்லோரும். “அவ்வளவுதான். எதிரெதிர் கலர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ண ஒண்ணு தூக்கிவிடும். ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கலந்தா ஒண்ண ஒண்ணு தின்னுடும். மிச்சம் சேறுதான்.” மெக்கானிக் தன்னையறியாமல் கிண்ணத்தின் நிழலை எட்டிப் பார்த்தார். சாம்பல் என்று ஒரு வார்த்தையில் கடந்துபோயிருக்கக்கூடிய அந்த நிழலுக்குள், ஓரத்தில், நிஜமாகவே ஒரு மாதிரி... இல்லை, ஒரு மாதிரி இல்லை. அது ஊதா. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வயதுக்கு ஒரு நிழலில் நிறம் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் கிளட்ச் அக்காவின் முழங்கையை இடித்தே விட்டார்.

டீச்சர் கைக்குட்டையைப் பழைய கண்ணுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு, இரண்டாவது தாளில் அதே கிண்ணத்தை மறுபடி வரைந்தாள். முடித்ததும் பலகையை எல்லோரும் பார்க்கும்படி நிமிர்த்திவைத்தாள். ஒன்றில் நிழல் கூச்சல் போடும் நீலம். மற்றதில் கையால் தடவினால் கலைந்துவிடுமோ என்பதுபோல மெலிதான ஊதாச் சாம்பல். பல் டாக்டர் பட்டும் படாமலும், “ரெண்டுமே ஒரு விதத்துல...” என்று ஆரம்பித்தார்.

“வேணாம் டாக்டர். என் மனசு நோகக்கூடாதுன்னு பாக்காதீங்க. வீட்ல ஒருத்தர் அப்படிப் பாத்துத்தான் என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கார்” என்றாள் டீச்சர். எல்லோரும் திரும்பிப் பார்க்க, மெக்கானிக் ஸ்டூலில் கூனிக்குறுகினார். ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. “ரெண்டும் ஒரே ஆள், ஒரே கை, ஒரே கிண்ணம். கண்ணு மட்டும் வேற. என் கண்ணுல புரை விழுந்து மஞ்சள் ஏறிக்கிட்டே இருந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஏறினதால எனக்குத் தெரியல. நாக்குல உப்பு உறைக்காதவன் சமையல்ல உப்பக் கொட்டற மாதிரி, ஊதா வரலையேன்னு நீலத்தக் கொட்டியிருக்கேன். அது என் படத்தோட போச்சு. ஆனா இந்த அறைல ஒருத்தர் நல்ல ஊதா கலந்துட்டு வந்தாங்க. நான் சேறுன்னு சொன்னேன். எதிரெதிர் கலர் கலந்தா என்ன ஆகும்னு இப்பத்தானே சொன்னேன்? அவங்க ஊதா என் கண்ணுக்குள்ள இருந்த மஞ்சள்ல வந்து கலந்துச்சு. அந்தச் சேத்தக் கலந்தது அவங்க இல்ல. நான்.”

மெக்கானிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாணவர்களுக்கு முன்னால், அதுவும் சொல்லிக்கொடுக்கும் பாடத்திலேயே நான் தவறினேன் என்று நிற்கிறாள். நின்ற இடத்தில் குரல்கூட நடுங்கவில்லை. தன் தவற்றையே எடுத்துப் பாடமாக அவர்கள் முன்னால் வைத்துவிட்டாள். தான் பழுது பார்த்த ஒரு லிஃப்ட் நின்றுபோனால், மின்சாரத்தின்மேல் பழி போட்டு நழுவிவந்த நாட்கள் அவருக்கு நினைவில் வந்துபோயின. கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் எல்லோரும் கிளட்ச் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பழைய வீல் இருக்கா?” என்று டீச்சர் கேட்டாள்.

“கிழிச்சுப் போட்டுட்டேன் மேடம்.” கிளட்ச் அக்கா எழுந்து நின்றாள். இதோடு முடிந்தது, அவள் முகம் மலரும், எல்லோரும் சிரித்துப் பேசிக் கலைவார்கள் என்று மெக்கானிக் நினைத்தார். அவள் முகம் மலரவில்லை. “நீங்க இவ்வளவு பெரிய மனசோட சொல்றீங்க. உங்கமேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். கலந்தப்ப எனக்கு அது ஊதாவாத்தான் தெரிஞ்சுது. நீங்க சேறுன்னு சொன்னதும் வீட்டுக்குப் போய் மறுபடி எடுத்துப் பாத்தேன். சேறாத்தான் தெரிஞ்சுது. நிஜமாவே தெரிஞ்சுது மேடம், உங்களுக்காகச் சொல்லல. அப்புறம் எதப் பாத்தாலும், மேடம் இத என்ன கலர்னு சொல்வாங்கன்னுதான் பாக்கறேன். உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. எனக்கு எங்க போய்ப் பண்றது?”

ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கூடத்துத் தரையில் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது இருந்த முகம் டீச்சருக்கு மறுபடி வந்தது. ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று மெக்கானிக் காத்திருந்தார்.

“எனக்குத் தெரியல” என்றாள். “நெஜமாவே தெரியல. வாங்க, இங்க வாங்க.”

கிளட்ச் அக்கா மேஜைக்கு வந்தாள். டீச்சர் தன் ஸ்டூலில் அவளை உட்காரவைத்து, பலகையில் புதுத் தாள் ஒட்டி, தட்டைக் கழுவித் துடைத்து, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் புதிதாகப் பிதுக்கிவைத்தாள். தன் பிரஷ்ஷையே கையில் கொடுத்தாள். “இந்த நிழல் மட்டும் போதும். கிண்ணம்கூட வேண்டாம். நீங்க என்ன பாக்கறீங்களோ அது. நான் பாக்கமாட்டேன். யாரும் எதுவும் சொல்லக்கூடாது.” சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி, கதவோரத்து வெற்றுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். புடவை முதுகில் சின்னதாக ஒரு பச்சை வண்ணக் கறை இருந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறதோ.

கிளட்ச் அக்கா முதலில் பிரஷ்ஷை நீலத்தின் பக்கம் கொண்டுபோனாள். பழக்க தோஷம். தொடாமல் நிறுத்தினாள். திரும்பி டீச்சரின் முதுகைப் பார்த்தாள். அங்கிருந்து எந்தச் சாடையும் வரவில்லை. பிறகு நிழலைப் பார்த்தாள். கூட்டமான தெருவில் முதன்முதலாக வண்டியை எடுப்பவளைப் போல, உடம்பெல்லாம் கண்ணாகப் பார்த்தாள். சிவப்பில் ஒரு துளி. நீலத்தில் ஒரு துளி. தட்டின் நடுவில் இரண்டும் உருண்டு, தயங்கி, கலக்க ஆரம்பித்தன. தாளில் ஒரு சின்னக் கீற்று. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்துப் போட்டாள். மறுபடி கலந்தாள். மெக்கானிக்குக்கு அது அழகாகத்தான் பட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது முறை அவள் கலந்தபோது ஜன்னல்களில் சாயங்கால வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. விளக்கின் மஞ்சள் ஏறியது. துணிமேல் கிடந்த நிழல், யாரும் தொடாமலேயே, முன்பு இருந்த நிறத்திலிருந்து மெல்ல நழுவி இன்னொன்றாகிக்கொண்டிருந்தது. கிளட்ச் அக்கா அதைக் கவனித்துவிட்டாள். “ஐயோ, மாறுது” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசி, தட்டில் ஒரு சுத்தமான இடம் தேடி, அவசரமில்லாமல் மறுபடி ஆரம்பித்தாள். டீச்சர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.